பி மதிப்பு 0.10 வந்தால் ஆய்வேடு நிற்காதா?

கேள்வி: சமூகப்பணித் துறையில் பி.எச்டி செய்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் 60 பேரிடமும் இல்லாத 60 பேரிடமும் 'வீட்டுச் செலவை முடிவு செய்வதில் உங்கள் பேச்சு எடுபடுகிறதா' என்று கேட்டேன். குழுவில் 36 பேரும் வெளியே 27 பேரும் 'ஆம்' என்றார்கள். இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனை போட்டதில் பி மதிப்பு 0.10. 'நல் ஹைப்பாதிசிஸ் ரிஜெக்ட் ஆகாவிட்டால் தீசிஸ் நிற்காது' என்கிறார் வழிகாட்டி. இங்கே ஒரு டேட்டா அனாலிசிஸ் சென்டரில் 15,000 ரூபாய்க்குச் 'சரிசெய்து' தருகிறார்களாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 0.10 என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

120 ஓலை நறுக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். 63-இல் 'ஆம்', 57-இல் 'இல்லை' என்று எழுதி ஒரு குடத்தில் போட்டுக் குலுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு 60 ஓலைகளை வெளியே எடுங்கள். குழுவுக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் இந்தக் குடம்; நல் ஹைப்பாதிசிஸ் என்று பாடப்புத்தகம் சொல்வதும் இதையே. இந்தக் குடத்திலிருந்தும், வெறும் குலுக்கலால், உங்களுக்கு வந்த அளவோ அதைவிடப் பெரிதோ ஒரு வித்தியாசம் எத்தனை தடவை வரும்? நூறு தடவை எடுத்தால் பத்துக்குக் குறையாமல் வரும். சூத்திரம் அதைத் தோராயமாக்கி 0.10 என்கிறது. அவ்வளவுதான். 'குழுவால் பயனில்லை' என்று அது சொல்லவில்லை. 'நல் ஹைப்பாதிசிஸ் உண்மையாக இருக்க 10 சதவீத வாய்ப்பு' என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டாவது தப்பை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களே செய்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால்தான் நல் ஹைப்பாதிசிஸ் ரிஜெக்ட் என்கிறார்களே, அந்த 0.05 வானத்திலிருந்து இறங்கிய எண் அல்ல. 1925-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் தம் புத்தகத்தில் 'வசதியான எல்லை' என்று பிடித்த கோடு அது. அந்தக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவு எடுக்கக் கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் அறிக்கை விட்டது. நம் துறைகளில் அது யார் மேசைக்கும் வந்து சேரவில்லை போலும். நல் ஹைப்பாதிசிஸ் ரிஜெக்ட் ஆனால்தான் பட்டம் என்று யுஜிசி விதி எதிலும் கிடையாது. வழிகாட்டிக்கு அவருடைய வழிகாட்டி சொன்னது, அவருக்கு யார் சொன்னதோ.

இப்போது சென்டருக்கு வருவோம். உங்கள் கை-ஸ்கொயர் 2.71. பி மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்க அது தாண்ட வேண்டியது 3.84. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பையன் என்ன செய்வான் தெரியுமா? குழுப் பக்கத்தில் ஒரே ஒரு 'இல்லை'யை 'ஆம்' ஆக்குவான். வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு 'ஆம்'ஐ 'இல்லை' ஆக்குவான். 37-க்கு 26. கை-ஸ்கொயர் 4.04, பி மதிப்பு 0.044. இரண்டு செல்லில் 1, 2 என்ற எண்களை மாற்றித் தட்டும் வேலை. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளைத் திறந்து மூடும் நேரம்கூட ஆகாது. நீங்கள் வெயிலில் நடந்து போய்க் கேட்ட இரண்டு பெண்களின் வாய்ச்சொல்லை அழிப்பதற்குத்தான் 15,000 ரூபாய்.

கொஞ்சம் படித்த சென்டராக இருந்தால் டேட்டாவைத் தொடமாட்டார்கள். 'ஒன்-டெயில் போட்டுவிடலாம் மேடம்' என்பார்கள். வித்தியாசத்தை ஒரு திசையில் மட்டும் பார்க்கும் சோதனை அது; பி மதிப்பு பாதியாகிவிடும். உங்கள் பி மதிப்பை நான்கு இலக்கத்தில் பார்த்தால் 0.0999. பாதியாக்கினால் 0.05-க்கு ஒரு மயிரிழை கீழே. கண் சிமிட்டுவார்கள். ஒன்-டெயில் குற்றமில்லை, ஆனால் குழுப் பெண்களின் பக்கம்தான் கூடும் என்று களத்துக்குப் போகும் முன்பே சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) எழுதியிருக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு வாலை வெட்டுவது ஆய்வு ஆகாது.

இன்னொரு வித்தை, டேபிளை அடுக்குவது. வயது, சாதி, படிப்பு, கணவர் தொழில், கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்று ஒவ்வொன்றுக்கும் கை-ஸ்கொயர் போட்டு 40 டேபிள் தருவார்கள். ஒன்றுமே இல்லாத இடத்திலும் சராசரியாக இருபதுக்கு ஒன்று 0.05-க்குக் கீழே விழத்தான் செய்யும். ஆக நாற்பதில் இரண்டு நட்சத்திரம் (0.05-க்குக் கீழே வந்ததற்கு டேபிளில் போடும் குறி) இலவசம். அந்த இரண்டை வைத்து ஒரு அத்தியாயம் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வைவாவில் 'இந்த டேபிளில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் ஏன் 4?' என்று கேட்டேன். அந்தப் பெண் டேபிளைப் பார்த்தாள், வழிகாட்டியைப் பார்த்தாள், 'சென்டர்ல அப்படித்தான் சார் வந்துச்சு' என்றாள். வழிகாட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டம் கொடுத்துவிட்டோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

'இன்னும் 30 பேரைக் கேட்டுச் சேர்க்கட்டுமா' என்று அடுத்து எழுதுவீர்கள். வேண்டாம். 0.05-க்குக் கீழே வரும்வரை ஆள் சேர்த்துக்கொண்டே போனால் ஒருநாள் வந்தே தீரும். குடத்து ஓலையிலும் வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதே 60 சதவீதம், 45 சதவீதம், பக்கத்துக்கு 120 பேரிடமிருந்து வந்திருந்தால் பி மதிப்பு 0.02. அதே வித்தியாசம்தான், ஆள் கூடியது, அவ்வளவுதான். பக்கத்துக்கு 6,000 பேர் என்றால் 52-க்கு 50 என்ற அற்ப வித்தியாசத்துக்கும் பி மதிப்பு 0.05-க்குக் கீழே போய்விடும், அதை வைத்து யாருக்கு என்ன லாபம்? எத்தனை பேரிடம் கேட்பது என்ற கணக்கை முதல் வருடமே போட்டிருக்க வேண்டும். அதை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: வித்தியாசம் 15 சதவீதப் புள்ளி, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை) ஏறக்குறைய மைனஸ் 3-லிருந்து 33 வரை, இந்த மாதிரியை வைத்து நல் ஹைப்பாதிசிஸை நிராகரிக்க முடியவில்லை. 'ஏற்கப்பட்டது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 33 வரை போகிற இடைவெளியைக் கையில் வைத்துக்கொண்டு வித்தியாசமே இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஒரு விஷயம் பாக்கி. சென்டர்காரனும் கேட்கமாட்டான், வழிகாட்டியும் கேட்கமாட்டார், நான் கேட்கிறேன். அந்த 60 குழுப் பெண்கள் எத்தனை குழுக்களிலிருந்து வந்தவர்கள்? 1989-இல் தர்மபுரியில் ஆரம்பித்த காலத்திலிருந்தே குழு என்பது பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். நாத்தனார், ஓரகத்தி, அடுத்த வாசல். குழுவை நடத்தும் ஊக்குநர் கூப்பிட்டு உட்காரவைத்தால் பதினைந்து பேரும் ஒன்றாக உட்காருவார்கள். முதலில் பேசுகிறவள் சொன்னதைத் தொட்டே மற்றவர்களும் சொல்வார்கள். குலுக்கல் கணக்கு ஒவ்வொரு ஓலையும் தனித்தனி என்று நினைத்துக்கொள்கிறது. நீங்கள் நான்கு குழுக்களில் பதினைந்து பதினைந்து பேராக எடுத்திருந்தால், குழுவுக்குள் பதில்களின் ஒட்டுறவு (ஒருவர் பதில் இன்னொருவர் பதிலோடு ஒத்துப்போகும் அளவு) வெறும் 0.1 என்று வைத்தாலும், பெருக்கல் காரணி 1 + 14 × 0.1 = 2.4; இதில் 14 என்பது ஒருத்தி போக அந்தக் குழுவில் கேட்ட மற்றவர்கள். 60-ஐ 2.4-ஆல் வகுத்தால் 25. அறுபது பேரைக் கேட்டிருக்கிறீர்கள், கணக்குக்கு இருபத்தைந்து பேர். அப்போது உங்கள் பி மதிப்பு 0.10-இல் நிற்காது, மேலே போகும், இடைவெளியும் அகலும். அறுபது குழுக்களிலிருந்து ஆளுக்கு ஒருவராக எடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்படி எடுத்தவர்களை நான் பார்த்ததில்லை. கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போனால் ஒரே மாலையில் பதினைந்து கேள்வித்தாள் முடிந்துவிடுகிறதே!

எனவே வழிகாட்டியிடம் சண்டைக்குப் போகும் முன் எக்செல் தாளில் ஒரு நிரல் சேர்த்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் எதிரில் குழுவின் பெயரை எழுதுங்கள். கேள்வித்தாளின் மேல் மூலையில் குறித்திருப்பீர்கள். குறிக்கவில்லை என்றால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பதிவேட்டைப் பார்த்து, ஊக்குநரிடம் கேட்டு நிரப்பலாம். அந்த நிரலோடு மறுபடி எழுதுங்கள், பார்க்கிறேன்.