வளைகுடாப் பணம் வந்த கோயிலுக்கும் அரசு உதவி கேட்கலாம்

சகோதரரே, தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவக் கோயில் கட்டி 30 வருடமாகிறது, கூரையில் கம்பி தெரிகிறது, வளைகுடாவிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்பியதால் அரசு உதவி கிடைக்காதோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக விண்ணப்பியுங்கள்.

தமிழக அரசு 2016-17 முதல் தேவாலயங்களைப் பழுதுபார்க்க நிதி தருகிறது. சொந்தக் கட்டடமும் குறைந்தது 10 வருடப் பழமையும் வேண்டும். 20 தாண்டியவற்றுக்குத் தொகை அதிகம். சீரமைப்புக்கு வெளிநாட்டு நிதி வாங்கவில்லை என்று சான்றும் கேட்பார்கள். உங்கள் பயம் இங்கேதான். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்ததை வங்கி வழியாக அனுப்பினால், சட்டப்படி அது வெளிநாட்டு நிதி ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுத்தால் ஆகும். பாஸ்புக்கைப் பார்த்து யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்று பிரித்தெழுதுங்கள். அதை மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலரிடம் காட்டிவிட்டுச் சான்றில் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் பழுதுபார்க்கும் செலவு மதிப்பீடு. பெயிண்டுக்கு முன்னால் கம்பியைக் கவனியுங்கள். உப்புக்காற்றில் துருவேறிய கம்பி பருத்துத்தான் கான்கிரீட்டைப் பிளக்கிறது. துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் மறுபடி பெயர்ந்து, பூசை நேரத்தில் யார் தலையிலாவது விழும். அந்த வேலையைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை வாங்கினால் 5 வருடம் மறுபடி கேட்க முடியாது.

பத்திரம் மறைமாவட்டத்தின் பெயரில் இருந்தால், பங்குத்தந்தையைச் சிவகங்கை மறைமாவட்ட அலுவலகத்துக்குச் சம்மதக் கடிதம் கேட்டு இப்போதே எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் வர நாளாகும்.