அமெரிக்க ஃபெடரல் நீதிபதி இடங்கள் வருடக்கணக்கில் காலியாகக் கிடப்பது ஏன்? செனட்டர்கள் ஆதரவு தந்தால் நிரம்பிவிடுமா?

நிரம்பும். ஆனால் எந்தச் செனட்டர், எந்தக் கட்டத்தில், எந்த வடிவில் ஆதரவு தருகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். "காலியிடங்களைச் சீக்கிரம் நிரப்ப வேண்டும்" என்று பேசாத செனட்டர் அநேகமாக யாருமே இல்லை. அந்தப் பேச்சால் ஒரு நாற்காலிகூட நிரம்புவதில்லை. நிரப்புபவை இரண்டு விஷயங்கள்: அந்த மாநிலத்துச் செனட்டர்கள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் நீலச் சீட்டு, அப்புறம் ஓட்டெடுப்புக்குச் செனட் அவை ஒதுக்கும் நேரம்.

அரசியல் சட்டப்படி நீதிபதியின் பெயரை அதிபர் முன்மொழிகிறார், செனட் ஒப்புதல் தருகிறது. பிரதிநிதிகள் சபைக்கு இதில் ஓட்டு கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் 9 இடங்கள், மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் 179, மாவட்ட நீதிமன்றங்களில் 677. செய்திகளில் அடிபடுவது அந்த 9 மட்டுமே. ஒரு சாதாரண ஆளின் வழக்கு போய் நிற்பதோ 677-ல் ஏதோ ஒன்றின் முன்னால்.

இடம் எப்படிக் காலியாகிறது என்பதிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பதவி வாழ்நாளுக்கானது. ஆனால் 65 வயதாகி 15 ஆண்டு பணி முடித்தவர் 'சீனியர்' நிலைக்குப் போகலாம். வயது கூடக் கூடத் தேவையான பணி ஆண்டு குறையும்: 70 வயதுக்கு 10 ஆண்டு போதும். இரண்டையும் கூட்டினால் 80 வர வேண்டும் என்பது கணக்கு. சீனியர் ஆனவர் குறைந்த அளவில் வழக்குகளைத் தொடர்ந்து பார்க்கலாம், அவர் இடம் மட்டும் காலியானதாகக் கணக்கில் ஏறும். எப்போது போவது என்று முடிவு செய்வது நீதிபதியே. "எனக்கு அடுத்தவர் உறுதியான பிறகு போகிறேன்" என்று நிபந்தனை வைத்துக் கடிதம் கொடுப்பவர்களும் உண்டு. 2024 தேர்தலுக்குப் பிறகு மூன்று நீதிபதிகள் அப்படிக் கொடுத்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆகவே, வரப்போகிற காலியிடம் என்று பட்டியலில் இருப்பதெல்லாம் நிச்சயமாகக் காலியாகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

காலியாகவே விட்டால் யாருக்கு நஷ்டம்? குற்ற வழக்குகளுக்குச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து, அல்லது குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் நீதிமன்றத்தில் நின்ற நாளிலிருந்து, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 70 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் (மனுக்கள் நிலுவையில் இருப்பது போன்ற சில நாட்களைக் கழித்துக்கொள்வார்கள்). சிவில் வழக்குகளுக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. நீதிபதி குறைந்தால் முதலில் பின்னுக்குத் தள்ளப்படுவது சிவில் வழக்குதான்: வேலையில் பாகுபாடு காட்டியதாக வழக்குப் போட்டவர், ஊனமுற்றோர் உதவித்தொகை மறுக்கப்பட்டவர், சிறையில் மருத்துவம் கிடைக்காத கைதி. இரண்டு தரப்பும் சம்மதித்தால், நீதிமன்றமே நியமிக்கும் மாஜிஸ்திரேட் நீதிபதி சிவில் வழக்கை முழுசாக நடத்தலாம். ஒரு தரப்பு மறுத்தாலும் அந்த வழி அடைபட்டுவிடும், தாமதத்தால் லாபமடையும் தரப்பு மறுக்கவும் செய்யும்.

கலிஃபோர்னியாவின் கிழக்கு மாவட்டம் என்ற ஃபெடரல் நீதிமன்ற எல்லையைப் பாருங்கள். சாக்ரமெண்டோ, ஃப்ரெஸ்னோ இரண்டையும் சேர்த்து அங்கே நிரந்தர நீதிபதி இடங்கள் 6. 1978-ல் இருந்த அதே எண்ணிக்கை. மக்கள்தொகை அதற்குப் பின் பல மடங்கு பெருகிவிட்டது. 2020 தொடக்கத்தில் அந்த ஆறிலும் இரண்டு காலியானபோது, ஃப்ரெஸ்னோவில் மிஞ்சிய ஒரே மாவட்ட நீதிபதி டேல் ட்ராஸ்ட், நெருக்கடியைச் சொல்லி, தன்னிடம் வரும் சிவில் வழக்குகளுக்கான நடைமுறையையே மாற்றி ஒரு நிலையாணை பிறப்பித்தார்.

இத்தகைய இடங்களை 'நீதித்துறை அவசரநிலை' என்று தனியாகப் பட்டியலிடுகிறார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி இடத்துக்கு, கடினத்துக்கேற்ப எடையிட்ட புது வழக்குகள் ஆண்டுக்கு 600-ஐத் தாண்டினால் அந்தக் காலியிடம் பட்டியலில் ஏறும். 430 முதல் 600 வரை இருந்தால் இடம் 18 மாதத்துக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உள்ள நீதிமன்றத்தில் ஒரே ஒரு முழுநேர நீதிபதி மிஞ்சினாலும் ஏறும். இந்தப் பட்டியலுக்குச் சட்ட வலு எதுவும் இல்லை, யாரையும் அது கட்டாயப்படுத்தாது. ஆனாலும் எங்கே வலிக்கிறது என்று காட்ட இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை என்பது என் கருத்து.

இனி நீலச் சீட்டு. அதிபர் ஒருவரை முன்மொழிந்ததும் செனட் நீதித்துறைக் குழுவின் தலைவர், அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் நீல நிறத் தாளில் ஒரு படிவம் அனுப்புகிறார். ஆதரவா எதிர்ப்பா என்று குறித்து, கையெழுத்திட்டுத் திருப்ப வேண்டும். ஏறத்தாழ 1917 முதல் இருக்கும் வழக்கம் இது. செனட் விதிகளில் எழுதப்பட்டதில்லை, குழுத் தலைவர் மதிக்கும்வரைதான் இதற்கு உயிர். மாவட்ட நீதிபதிகள் விஷயத்தில் இன்றும் மதிக்கிறார்கள். 2025-ல் அதிபர் ட்ரம்ப் இதைக் கைவிடச் சொல்லி வெளிப்படையாகவே வற்புறுத்தியும், அவர் கட்சியைச் சேர்ந்த குழுத் தலைவர் சக் கிராஸ்லி மசியவில்லை. இரண்டு சீட்டில் ஒன்று வராவிட்டாலும் குழு விசாரணை நடக்காது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, எதிர்ப்பு என்று எழுதக்கூட வேண்டாம். சீட்டை மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தால் போதும்.

இதன் முழு விளைவையும் வட கரோலினாவின் கிழக்கு மாவட்டத்தில் பார்க்கலாம். நீதிபதி மால்கம் ஹோவர்ட் 2005 டிசம்பர் 31 அன்று சீனியர் நிலைக்குப் போனார். அதிபர் புஷ் தாமஸ் ஃபாரை முன்மொழிந்தார், ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்த செனட் அவரை விசாரணைக்கே அழைக்கவில்லை. ஒபாமா 2013-ல் ஜெனிஃபர் மே-பார்க்கரை முன்மொழிந்தார். குடியரசுக் கட்சிச் செனட்டர் ரிச்சர்ட் பர் சீட்டைத் திருப்பவில்லை. 2016-ல் மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி பாட்ரீசியா டிம்மன்ஸ்-குட்சன் முன்மொழியப்பட்டார். அதற்கும் பர் தடை போட்டார். இருவருமே கறுப்பினப் பெண்கள், அந்த மாவட்ட நீதிமன்றத்திலோ அதுவரை கறுப்பின நீதிபதி ஒருவர்கூட இருந்ததில்லை. பிறகு ட்ரம்ப் மீண்டும் ஃபாரைக் கொண்டுவந்தார். 2018 நவம்பரில், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த டிம் ஸ்காட்டும் ஜெஃப் ஃப்ளேக்கும் எதிர்க்க, அதுவும் விழுந்தது. கடைசியில் சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மையர்ஸ் 2019 டிசம்பர் 5 அன்று 68-21 என்ற கணக்கில் உறுதியானார். ஏறத்தாழ 14 ஆண்டு, மூன்று அதிபர்கள். இதில் எந்தக் கட்சியும் தன் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பரிந்துரைத்த செனட்டரே பின்னால் சீட்டை மறுப்பதும் நடக்கிறது. விஸ்கான்சினில் இரு கட்சிச் செனட்டர்களும் சேர்ந்து அனுப்பிய பட்டியலில் வில்லியம் போகன் பெயர் இருந்தது. பைடன் அவரை முன்மொழிந்த பிறகு, 2022-ல், அதே பட்டியலை அனுப்பியவர்களில் ஒருவரான ரான் ஜான்சன் சீட்டைத் தர மறுத்துவிட்டார். மிசிசிப்பியில் ஸ்காட் கோலம் விஷயத்தில் ஒரு குடியரசுக் கட்சிச் செனட்டரான ராஜர் விக்கர் சீட்டைத் திருப்பினார். அதே கட்சியின் சிண்டி ஹைட்-ஸ்மித் திருப்பவில்லை. கோலம் நீதிபதியாகவில்லை. ஆகவே "பரிந்துரைத்தார்", "வரவேற்றார்" என்ற செய்திகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு நிலைமை வேறு. மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ராஸுக்கு அந்த மாநிலச் செனட்டர் ஆல் ஃபிராங்கன் சீட்டு தர மறுத்தபோது, கிராஸ்லி 2017 நவம்பரில் விசாரணையை நடத்தியேவிட்டார். 2018 ஜனவரியில் ஸ்ட்ராஸ் உறுதியானார். அதிலிருந்து அந்த நீதிமன்றங்களுக்கு நீலச் சீட்டுத் தடை இல்லை. மாநிலமே அல்லாத வாஷிங்டன் டி.சி.க்குச் செனட்டர்களே கிடையாது என்பதால் அங்கே இந்தச் சீட்டு எப்போதும் இல்லை. ஆனால் அங்கேயும் இடங்கள் வருடக்கணக்கில் காலியாகத்தான் இருந்தன. முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருந்தது, அவையில்.

திருநெல்வேலிப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்ரீ ஸ்ரீனிவாசன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 2012 ஜூனில் முன்மொழியப்பட்டார். 2013 மே 23 அன்று 97-0 என்று உறுதியானார். எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழாத ஒருவருக்கே 11 மாதத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்து அதே நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட மில்லட், பில்லர்ட், வில்கின்ஸ் மூவரையும் குடியரசுக் கட்சி மறித்தது. 11 இடங்கள் அங்கே தேவையே இல்லை, 8 போதும் என்று மசோதாவும் கொண்டுவந்தது. விவாதத்தை முடித்து ஓட்டுக்குப் போக அப்போது 60 பேர் வேண்டும். 2013 நவம்பர் 21 அன்று ஹாரி ரீட் தலைமையில் ஜனநாயகக் கட்சியினர் 52-48 என்று அந்த முறையை மாற்றி, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாக்கினார்கள். 2017-ல் குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானல் அதையே உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டித்தார்.

பெரும்பான்மை இருந்தாலும் நேரம் தீர்ந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீதித்துறைக் குழுவில் பெயர் எடுக்கப்பட்டதும் எந்த உறுப்பினரும் ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்கலாம், கிட்டத்தட்ட எல்லாப் பெயருக்கும் கேட்கிறார்கள். குழு தாண்டியதும், விவாதத்தை முடிக்க 16 செனட்டர்கள் கையெழுத்திட்ட மனு. செவ்வாய்க்கிழமை மனு கொடுத்தால் வியாழக்கிழமை அதன்மேல் ஓட்டு. அதற்கு மேலும் 30 மணி நேரம்வரை இழுக்கலாம். 2019 ஏப்ரலில் மாவட்ட நீதிபதிகளுக்கு அந்த 30 மணியை 2 மணியாகக் குறைத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் இன்னும் 30 மணிதான். முன்பெல்லாம் மாவட்ட நீதிபதிகளில் பலர் குரல் ஓட்டிலேயே தேறினார்கள். இப்போது ஏறத்தாழ ஒவ்வொரு பெயருக்கும் பெயர் சொல்லி ஓட்டெடுப்பு. எதிர்க்கட்சி ஒத்துழைத்தால் ஒரே நாளில் பல பெயர்கள் முடியும், ஒத்துழைக்காவிட்டால் வாரத்துக்குச் சில பெயர்கள் மட்டுமே நகரும். 2024 நவம்பரில் ஜனநாயகக் கட்சி, மாவட்ட நீதிபதிகளுக்கான ஓட்டெடுப்பு நேரத்தைப் பெறுவதற்காக மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கான நான்கு பெயர்களைக் கைவிட்டது.

பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களின் ஆதரவுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது, இரண்டு விதத்தில். 2010-ன் இறுதியில் அரிசோனாவில் வழக்குகள் குவிந்தபோது, தலைமை மாவட்ட நீதிபதி ஜான் ரோல், 70 நாள் கெடுவை 180 நாளாக நீட்டிக்க அவசரநிலை அறிவிக்கும்படி மேலிடத்தைக் கேட்டார். அந்த மாநிலத்தின் சபை உறுப்பினர்களான காப்ரியல் கிஃபர்ட்ஸும் எட் பாஸ்டரும் அதை ஆதரித்துக் கடிதம் எழுதினார்கள். 2011 ஜனவரி 8 அன்று டூசானில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் கிஃபர்ட்ஸ் நடத்திய மக்கள் சந்திப்புக்கு ரோல் சென்றிருந்தார். அங்கே நடந்த துப்பாக்கிச்சூட்டில் கொல்லப்பட்டார். சில வாரங்களில் அவர் கேட்ட அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

இன்னொன்று, புது இடங்களை உருவாக்குவது. அதற்குச் சட்டம் வேண்டும், எனவே இரு அவைகளும் வேண்டும். நாடு தழுவிய அளவில் கடைசியாக அப்படி நடந்தது 1990-ல். 2024-ல் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸும் குடியரசுக் கட்சியின் டாட் யங்கும் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 63 நிரந்தர இடங்கள், 2025-ல் முதல் 11, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு தவணையாக 2035 வரை. எந்தத் தவணை எந்த அதிபருக்குக் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதுவே அதன் பலம். ஆகஸ்ட் 1 அன்று செனட்டில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபை அதை எடுக்காமல் தேர்தல் முடியும்வரை வைத்திருந்து, யார் அதிபர் என்று தெரிந்த பிறகு டிசம்பர் 12 அன்று 236-173 என்று நிறைவேற்றியது. 23-ஆம் தேதி பைடன் வீட்டோ செய்தார். தேர்தலுக்கு முன்பே ஓட்டுக்கு விட்டிருந்தால் அவர் மறுக்க முகாந்திரமே இருந்திருக்காது. ஆதரவைத் தாமதித்ததற்கே முதல் பழி, வீட்டோவுக்கு அடுத்த பழி என்பேன்.

உங்கள் மாநிலச் செனட்டர் சொல்வது உண்மையா என்று பார்க்க விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். ஃபெடரல் நீதிமன்றங்களின் இணையதளத்தில் தற்போதைய காலியிடங்கள், வரப்போகும் காலியிடங்கள், அவசரநிலை இடங்கள் என்று மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தைத் தேடி, இடம் காலியான தேதியையும் முன்மொழியப்பட்ட தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்மொழிவே இல்லாவிட்டால், பிரச்சினை பெரும்பாலும் வெள்ளை மாளிகைக்கும் செனட்டர் அலுவலகத்துக்கும் நடுவில் நடக்கும் பெயர்ப் பேரத்தில்தான் இருக்கும். விண்ணப்பங்களை எப்போது வாங்கினீர்கள், எத்தனை பெயர் அனுப்பினீர்கள் என்று செனட்டர் அலுவலகத்தைக் கேளுங்கள். முன்மொழிந்தும் குழு விசாரணை நடக்கவில்லை என்றால், நீலச் சீட்டைத் திருப்பிவிட்டீர்களா என்று நேராகவே கேளுங்கள். குழு தாண்டியும் நிற்கிறது என்றால், உங்கள் செனட்டருக்கு வைக்கும் கேள்வி நேர ஒதுக்கீடு பற்றியது. செனட் அவை ஒரு மாதத்துக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டாலோ கூட்டத்தொடர் முடிந்தாலோ, எதிர்ப்பின்றி எல்லோரும் சம்மதித்தாலொழிய, நிலுவையிலுள்ள பெயர்கள் அதிபருக்கே திரும்பிப் போய்விடும். பிறகு புதிதாக முன்மொழிந்தால்தான் உண்டு. கேட்பதாக இருந்தால் டிசம்பர் வரை காத்திருக்காமல் செப்டம்பருக்குள் கேட்டுவிடுங்கள்.