கிளிநொச்சியில இருந்து அம்புலன்ஸ், தீயணைப்பு வேலைக்குப் போகப் பயமில்லாத மனசு மட்டும் காணுமா?

தம்பி, "ஏ/எல் ரிசல்ட் பெரிசா இல்ல, ஆனா எனக்குப் பயம் எண்டதே கிடையாது, ஆரும் விழுந்தா முதல் ஆளா ஓடுவன், அது காணும்தானே" எண்டு கேட்டிருக்கிறியள். அந்த முதல் ஆளா ஓடுவன் எண்டதுக்காகத்தான் இதை எழுதுறன். காணாது.

நான் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலையில ஏழு வருசம் நிண்டனான். முதல் மூண்டு வருசம் குந்தியிருந்து மண் சுரண்டினது, பிறகு மெடிக்கா, காயப்பட்ட ஆளுக்கு முதலுதவி செய்யிற ஆளா எடுத்தவை. நேர்ஸும் இல்லாத நீ ஆர் புத்தி சொல்ல எண்டு இங்க சிலர் வருவினம், நான் நேர்ஸ் எண்டு எங்கயும் சொல்லேல்ல. அங்க எங்களுக்கு அடிக்கடி ஒத்திகை வைப்பினம். எங்கட பிள்ளையளில ஒராள் சிவப்பு அடிச்ச தடியளுக்கு அங்கால, இன்னும் வெடி எடுக்காத நிலம் எண்டு வைச்ச பக்கம் படுத்துக்கிடந்து "அக்கா கால் போட்டுது, அக்கா வாங்கோ" எண்டு கத்துவா. நடிப்புத்தான், ஆனா கேக்கேக்க உடம்பு பதறும். நான் ஸ்ட்ரெச்சரோட துப்பரவாக்கின பாதையில முழங்காலில நிக்க வேணும். இன்னொராள் டிடெக்டர் பிடிச்சு அவவிட்ட போற பாதையைச் செக் பண்ணி முடிக்கும் மட்டும் ஒரு அடி வைக்கக் கூடாது. முதல் ஒத்திகையிலயே நான் ஓடிட்டன். சுப்பவைசர் விசிலை ஊதிப்போட்டு "இப்ப ரெண்டு பேருக்குக் கால் இல்ல" எண்டார். அண்டைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல.

பிறகு அந்த வேலையை விட்டு வீட்டோட இருந்த ஒரு ஆவணியில எங்கட ஊரில கிணறு இறைச்சவை. தண்ணி அடியில போனபடியால் மண்ணெண்ணெய்ப் பம்பைக் கயித்தில கட்டிக் கிணத்துக்குள்ளயே இறக்கி ஓட விட்டிருக்கினம். இறங்கின அண்ணை சேத்துக்குள்ள சரிஞ்சிட்டார். நான் போகேக்க அவற்ர தம்பி சேட்டைக் கழட்டிப்போட்டுக் கிணத்துக் கட்டில ஏறிட்டான். நான் அவன்ர இடுப்பைக் கட்டிப் பிடிச்சிட்டன், விடவே இல்ல, அவன் என்ர கையைக் கடிச்சான், சனம் முழுக்க என்னை ஏசுது, "விடடி, அவன்ர அண்ணன் சாகிறான்" எண்டு. அந்தப் பம்புப் புகையில வாற காபன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயுவுக்கு நிறமும் இல்ல மணமும் இல்ல, விளக்கு இறக்கிப் பாத்தா விளக்கு அணையாம எரியும், ஆனா மனுசன் விழுவான். ஆராரோ ஓடிப்போய் நெல்லுத் தூத்திற காத்தாடி கொண்டுவர, தறப்பாளைக் குழாய் மாதிரிச் சுத்திப் பிடிச்சு உள்ளுக்குக் காத்து அடிச்சு, பிறகு ஒரு பெடியனுக்கு நெஞ்சில கயிறு கட்டி, மேல ஆறு பேர் பிடிச்சு நிக்க இறக்கினம். மேல எடுத்த உடன நான் நெஞ்சை அமத்தத் தொடங்கினன், முப்பது அமத்தல் ரெண்டு மூச்சு, 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற அம்புலன்ஸ் வரும் மட்டும் விடேல்ல. அண்ணை தப்பேல்ல.

நான் பிடிச்சபடியால்தான் செத்தவர் எண்டு இப்பவும் கதைக்கினம். அந்தத் தம்பி என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்ல. பரவாயில்ல, அவன் உயிரோட இருக்கிறான், ரெண்டு பிள்ளையள். நான் செய்தது சரி.

உங்கட கேள்விக்கு வாறன். கண்ணிவெடி வேலையை நம்பி இருக்காதேங்கோ, இலங்கை 2017ல கண்ணிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேரேக்க, எல்லாத்தையும் எடுத்து முடிக்கக் குடுத்த காலக்கெடு 2028 ஜூன், முடியிற வேலை அது. 1990 சேவை 2018ல வடக்குக்கு வந்தது, அதில ட்ரைவரை பைலட் எண்டுவினம், மற்ற ஆள்தான் ஈஎம்டி, வண்டியில நோயாளியைப் பாக்கிற ஆள், நீங்கள் பாக்க வேண்டியது அந்த வேலையை. தீயணைப்பும் நல்லதுதான், 2016 செப்டம்பரில கிளிநொச்சிச் சந்தை எரியேக்க பக்கத்தில ஒரு வண்டி இல்லாம சனம் வாளியோட நிண்டதை மறந்திருக்க மாட்டியள்.

இன்னொண்டு, கேக்காட்டிலும் சொல்லுறன். நான் காசு கட்டிப் போன ஒரு முதலுதவிப் பயிற்சியில முழுக்கச் சிங்களம், தமிழில சொல்ல வந்த பெடியனுக்கு நாடித்துடிப்புக்கே சொல் தெரியேல்ல, நாப்பது பேருக்கு ஒரு பொம்மை, ஆளுக்கு ஒரு நிமிசம் அமத்தினம், பின்னேரம் பேனருக்கு முன்னால போட்டோ எடுத்துச் சேர்ட்டிபிக்கட் தந்தினம். வன்னிச் சனத்துக்கு இது காணும் எண்டு நினைக்கிறது எனக்கு இப்பவும் வயிறெரியும். அப்பிடி ஒண்டில சேராதேங்கோ. எத்தினை பொம்மை, எத்தினை மணித்தியாலம், என்ன மொழி எண்டு முதலே கேளுங்கோ.

அதுவரைக்கும் சிங்களம் படியுங்கோ, நீந்தப் பழகுங்கோ (2018 மார்கழி வெள்ளம் உங்களுக்குத் தெரியும்), பெரிய வாகனம் ஓடுற ஹெவி லைசென்ஸ் எடுக்கப் பாருங்கோ. ஆளைத் தூக்கிற கயித்து முடிச்சு எண்டா நானே காட்டித் தருவன், இன்பாக்ஸில எழுதுங்கோ, ஞாயிறு பின்னேரங்களில வீட்டிலதான் நிப்பன்.