38 வயதில் ஃப்ளமெங்கோ கிதார்: தங்குவதா, திரும்புவதா?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 38. சொந்த ஊர் கோவை. சென்னையில் ஐ.டி. வேலையில் டீம் லீடாக இருந்தேன். அதை விட்டுவிட்டு, பாட்டும் ஆட்டமும் கிதாரும் சேர்ந்த ஸ்பானிய மரபுக் கலையான ஃப்ளமெங்கோவில் கிதார் கற்க ஸ்பெயினுக்கு வந்திருக்கிறேன். செவில்யாவில் திரியானா பகுதியில் அறை எடுத்துத் தங்கி, ஓராண்டுப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். படிப்பு முடிய இன்னும் சில மாதங்களே இருக்கின்றன.

சென்னையில் இருந்தபோது ஆன்லைனில் பல வருடம் கற்றேன். ட்ரெமொலோ, பிகாடோ போன்ற விரல் நுணுக்கங்கள் எல்லாம் ஓரளவு நன்றாகவே வரும். இங்கே ஆசிரியர் என் தனி வாசிப்பை முழுதாகக் கேட்கவே இல்லை. "நடன வகுப்பில் போய் உட்கார்ந்து வாசி" என்று அனுப்பிவிட்டார். போன வாரம் அங்கே சொலெயா என்ற நிதானமான ஃப்ளமெங்கோ வகை. ஆடிய பெண் காலால் ஓங்கித் தட்டி, அடுத்த பகுதிக்குப் போகச் சைகை கொடுத்தாள். நான் என் இடது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது தெரியவில்லை. தாளம் சிதறிவிட்டது. ஓரமாக இருந்த வயதான பாடகர், ஒரு வார்த்தை பேசாமல், விரல் முட்டியால் நாற்காலியில் தட்டி எண்ணிக்கையை மீட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வகுப்பு முடிந்ததும் கழிவறையில் நின்று அழுதேன்.

பத்து வயதுப் பிள்ளைகள் இங்கே விளையாட்டாகப் புலெரியாஸ் என்ற வேகமான வகைக்குக் கை தட்டுகிறார்கள். எனக்கோ இப்போது கிதாரை எடுத்தாலே முன்கை இறுகிப்போகிறது. அம்மாவிடம் "ரொம்ப நல்லாப் போகுதும்மா" என்று சொல்லி, ஆற்றங்கரையில் எடுத்த படங்களை அனுப்புகிறேன். "கல்யாண வயசும் போச்சு, வேலையும் போச்சு" என்று உறவில் பேசுவது காதுக்கு வருகிறது. சேமிப்பும் கரைகிறது. இப்படியே திரும்பினால் எந்த முகத்தோடு அவர்கள் முன் நிற்பேன்? நான் காலம் கடந்து வந்துவிட்டேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செவில்யா

அன்புச் சகோதரிக்கு,

முதலில் கையைப் பற்றிப் பேசிவிடுவோம். வலியோ மரத்துப்போவதோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வெறும் இறுக்கம்தான் என்றால் அதில் பயத்துக்குப் பெரும் பங்கு இருக்கலாம். பிறர் கவனிக்கிறார்கள் என்ற பதற்றம் வந்ததும், தானாக ஓடிக்கொண்டிருந்த விரலசைவை மனம் ஒவ்வொன்றாக மேற்பார்வை பார்க்க ஆரம்பிக்கும். விரல்களை விசிறித் தந்திகளை மீட்டும் ரஸ்கெயாடோ போன்ற வேக அசைவுகள் அந்த மேற்பார்வையைத் தாங்காது. கை இறுகும், இறுகியதைப் பார்த்துப் பயம் கூடும். சென்னை அறையில் வந்த வாசிப்பு செவில்யாவில் வராமல் போவது இதனால்தான். திறமை எங்கும் போய்விடவில்லை.

நடன வகுப்புக்கு அனுப்பியதை நீங்கள் ஒதுக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் வாசித்துப் பழகிய பிறகே தனி வாசிப்பு என்பது ஃப்ளமெங்கோவில் பழைய வழி. புகழ்பெற்ற ஃப்ளமெங்கோ கிதார் கலைஞர் பாகோ தெ லுசியாவே பதின்வயதில் ஹோசே கிரேக்கோவின் நடனக் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். சொலெயாவின் 12 எண்ணிக்கையில் 3, 6, 8, 10, 12 ஆகியவற்றில் அழுத்தம் விழும். இசை பெரும்பாலும் 10-இல் வந்து அமரும். முதல் தட்டில் வந்து சேர்வதற்கே பழகிய நம் காது அங்கே தடுமாறத்தான் செய்யும். ஆடுபவரின் கால் எப்போது அழைக்கும் என்பதை தாளம் காட்டும் எந்த மெட்ரோனோம் கருவியும் கற்றுத் தராது. வீடியோ பார்த்துக் கற்றவர்களுக்கு விடுபட்டுப்போகும் பாடம் இதுதான். உங்களை அது கிடைக்கும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாடகரை நினைத்துப் பாருங்கள். உங்களைத் தேறாதவர் என்று நினைத்திருந்தால் அவர் நிறுத்தச் சொல்லியிருப்பார். அவரோ ஆட்டம் நிற்காதபடி உங்களுக்கு எண்ணிக்கையைத் தந்திருக்கிறார். சக கலைஞருக்குச் செய்வதைத்தான் செய்தார். அதை நீங்கள் அவமானமாகப் படித்ததற்குக் காரணம், இத்தனை வருடம் மற்றவர்களுக்கு வழிகாட்டும் இடத்திலேயே இருந்துவிட்டீர்கள். நடு வயதில் எல்லோர் முன்னாலும் தொடக்கநிலை மாணவியாக உட்காருவது உண்மையாகவே ஓர் இழப்பு. அதற்காக அழுவதில் தவறே இல்லை.

அந்தப் பிள்ளைகளோடு உங்களை ஒப்பிட வேண்டாம். அவர்கள் தொட்டில் பருவம் முதல் வீட்டு விசேஷங்களில் கேட்டு வளர்ந்தவர்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த இசையில் வேறொரு வரலாறு இருக்கிறது. 1960-களில் மொரோன் என்ற சிற்றூருக்கு, கிதார் கலைஞர் தியேகோ தெல் கஸ்தோரிடம் கற்க அமெரிக்காவிலிருந்து பலர் வந்து தங்கினார்கள். அவர்களில் டேவிட் செர்வா என்ற பெயரில் வாசித்தவர் ஸ்பெயினிலேயே ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் வாசிக்கும் நிலைக்கு வந்தார். அவர் இளமையில் தொடங்கியவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மேடையில் தனிக் கச்சேரிதான் கனவு என்றால், 38 வயதில் அது மிகக் கடினம். பொய்யான நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு நடன வகுப்புக்கு நிதானமாக வாசிக்கத் தெரிந்தவராக ஆவதற்கு வயது தடை இல்லை. இவற்றில் எதற்காகக் கடல் கடந்தீர்கள் என்பதை உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள்.

ஒரு மாதத்துக்குச் சில வகுப்புகளில் கிதார் இல்லாமல் உட்காருங்கள். அந்தப் பாடகரின் பக்கத்தில் இடம் பிடியுங்கள். கை தட்டுங்கள், கண்ணை ஆடுபவரின் கால் மேல் வையுங்கள். தவறினால் அடுத்த 12-இல் சேர்ந்துகொள்ளலாம். கிதாரைத் திரும்ப எடுக்கும்போது இரண்டு மூன்று சுரக்கூட்டுகள் (chords) போதும்.

அம்மாவுக்கு அனுப்பும் படங்கள் உங்களை இன்னும் தனிமையாக்குகின்றன. "கஷ்டமா இருக்கும்மா, ஆனா கத்துக்கிட்டிருக்கேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். யோசனை கேட்க வேண்டாம், உண்மையைச் சொன்னால் போதும். உறவினர் பேச்சுக்கு இப்போது பதில் தேட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அங்கேயே ஒரு உளவியல் நிபுணரை நேரில் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், ஸ்பெயினில் 024 என்ற இலவச எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

தங்குவதா என்ற முடிவை அழுத இரவில் எடுக்காதீர்கள். மாணவர் அனுமதியை நீட்டிக்க மாதத்துக்கு ஏறத்தாழ 600 யூரோ கையில் இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும். உங்கள் உண்மையான செலவு அதற்கு மேலேயே இருக்கும். கணக்கை எழுதிப் பாருங்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்புவது ஓடிவருவது ஆகாது. ஓராண்டுப் படிப்பை முடித்தவராகத்தான் வருவீர்கள். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்த வாரமே ஆசிரியரிடம், "என்னை ஏன் நடன வகுப்புக்கு அனுப்பினீர்கள்? அங்கே நான் எதைக் கற்க வேண்டும்?" என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள்.