குளிர்தேசத்து வெள்ளை ஒயின்: வாசகர் கேள்விகள்

கே: லேபிளை மறைத்துக் கொடுத்தால், விடால் ஐஸ்வைனையும் ரீஸ்லிங் ஐஸ்வைனையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? (ஈசூன், சிங்கப்பூர்)

ப: இரண்டும் வெள்ளைத் திராட்சை ரகங்கள்; ஐஸ்வைன் என்பது கொடியிலேயே உறைந்த பழத்தில் செய்யும் இனிப்பு ஒயின். முதலில் மூக்கு. விடாலில் பழுத்த மாம்பழமும் அன்னாசியும் தூக்கலாக இருக்கும். ரீஸ்லிங்கில் எலுமிச்சைத் தோல் முந்தும்; புளிப்பு நாக்கின் ஓரங்களைப் பிடித்து இழுக்கும். நிறத்தை நம்பாதீர்கள். வயதானால் இரண்டுமே கருத்துவிடும்.

கே: படம் அனுப்பியுள்ளேன். என்ன திராட்சை?

ப: கிளாஸில் மஞ்சளாக ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். வாசம், புளிப்பு, விளைந்த ஊர், ஆண்டு எதையும் எழுதாமல் ரகம் கேட்காதீர்கள்.

கே: நாலு ஐஸ் கட்டி போட்டு விடால் ஐஸ்வைன் குடித்தேன். வெறும் இனிப்புதான், வாசமே இல்லை. போலியா? (உட்லண்ட்ஸ்)

ப: ஐஸ் போட்டுவிட்டு ஒயினைக் குறை சொல்வதா? எத்தனை முறை எழுதிவிட்டேன்! கனடாவில் இந்தத் திராட்சையைக் கொடியிலேயே உறையவிட்டு, மைனஸ் 8 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் பறிக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் இரவில் பறித்து, உறைந்த நிலையிலேயே பிழிகிறார்கள். பழத்திலுள்ள தண்ணீர் பனிக்கட்டியாகப் பின்தங்கிவிட, கெட்டிச் சாறு மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கும். அவர்கள் அத்தனை பாடுபட்டுப் பிரித்த தண்ணீரை நீங்கள் கிளாஸில் திரும்பச் சேர்க்கிறீர்கள். போதாக்குறைக்கு, கடும் குளிரில் வாசம் மேலே எழும்பாது. நம்மூர் வெக்கைக்கு ஐஸ் கேட்கத் தோன்றும், சரி. அதற்கு வழி இருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். சுமார் 10 டிகிரி போதும். சின்ன கிளாஸில் இரண்டு வாய் அளவு ஊற்றிக்கொண்டு பாட்டிலை உள்ளே வைத்துவிடுங்கள். முதலில் முகர்ந்தபோது தெரியாத ஆப்ரிகாட் பழ வாசம் கொஞ்ச நேரத்தில் தானாக வரும்.

கே: மகள் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து லா கிரெசென்ட் ஒயின் வாங்கி வந்தாள். மஸ்கட் திராட்சை மாதிரியே மணக்கிறது. கலப்படமா?

ப: இல்லை. அதன் முன்னோரில் மஸ்கட் ஹாம்பர்க் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகம் 2002-இல் வெளியிட்ட ரகம். உறங்கும் கொடி மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும். ஆப்ரிகாட்டும் எலுமிச்சையும் மணக்க, புளிப்பு பலமாக இருக்கும். அதைச் சமன்செய்யவே பலர் கொஞ்சம் இனிப்பை விட்டுவைக்கிறார்கள். இதற்கும் ஐஸ் வேண்டாம்.

கே: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் விடால் கொடி வளர்க்கலாமா?

ப: வேண்டாம். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழும் கொடி அது. இங்கே அந்த உறக்கம் கிடைக்காது, ஒழுங்காகக் காய்க்காது.