டாலர் ஏறுது, இறால் விலை ஏன் இறங்குது?

டாலர் ஏறியிருக்கும்போது, "அமெரிக்காவில் மந்தம்" என்று சொல்லி மண்டபம் ஊரில் வியாபாரி இறால் விலையைக் குறைக்கிறார், இது ஏமாற்றா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

பாதி உண்மை. 2008-ல் எங்கள் பாம்பன் கரையிலும் இதே கதைதான். அந்த செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. அமெரிக்காவில் இறால் பெரும்பாலும் ஓட்டல் சாப்பாடு. கையில் காசு இறுகினால் அதுதான் முதலில் நிற்கும். வங்கிகள் ஒன்றையொன்று நம்பாததால் ஏற்றுமதிக்கான உத்தரவாதக் கடிதம் (சரக்குக்குப் பணம் வரும் என்று வாங்குபவரின் வங்கி தரும் உறுதி) கிடைப்பதும் கஷ்டமானது. 2008 தொடக்கத்தில் 39 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர், 2009 மார்ச்சில் 50-க்கு மேல் இருந்தது. ஒரு டாலருக்கு ரூபாய் கூடக் கிடைத்தாலும், இறாலுக்கு அங்கே கொடுக்கும் டாலரே குறைந்தால் அந்த ஏற்றத்தில் என்ன மிஞ்சும்?

மீதிப் பாதிக்கு வருவோம். படகுக்கு அந்த வியாபாரியிடமே முன்பணம் வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் பிடி அவர் கையில்தானே. 30 கவுண்ட் (கிலோவுக்கு 30) இறாலை, விலை குறைந்த சின்ன இறால் போல 40 என்று வியாபாரி எழுதியபோதும் என் அப்பா வாய் திறக்கவில்லை, கடன் நோட்டு அப்படி. எடை போடும்போது கிலோவுக்கு எத்தனை என்று நீங்களே எண்ணுங்கள். முன்பணம் வாங்காத பக்கத்துப் படகுக்காரர் என்ன விலைக்குப் போட்டார் என்று அன்றைக்கே விசாரியுங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி. வங்கி நகைக்கடனைவிட அது அதிகமாக வந்தால், நகையை வைத்தாவது அவர் கணக்கைத் தீர்த்துவிடுங்கள்.