லண்டனைத் தாண்டி இங்கிலாந்தின் கிராமப்பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?

அப்பா அம்மா முதல்முறையாக வருகிறார்கள், லண்டன் பார்த்த பிறகு கிராமப்பக்கம் அழைத்துப் போனால் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் ஒருவர் "புல்லும் ஆடும்தான் இருக்கும், வயசானவங்களை அலையவிடாதீங்க" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன ஒரு நாளை எழுதினால் உங்களுக்கே புரியும்.

நான் எட்டு வருடமாக ஷெஃபீல்டில் இருக்கிறேன். இந்த நகர எல்லையில் மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. 1951இல் பிரிட்டனில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா இதுதான். பூங்கா என்றதும் முதுமலை மாதிரி காடும் யானையும் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்கள், பண்ணைகள், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன.

அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் முப்பது வருடத்துக்கு மேல் கயிறு திரித்தவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவரையும் அம்மாவையும் இங்கே வரவழைக்க நானும் கணவரும் மூன்று வருடம் பணம் சேர்த்தோம். ஒரு ஜூன் மாதம் வந்தார்கள்.

முதல் வாரம் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் சிற்றுந்தில் "ஒரே நாளில் ஐந்து அழகிய கிராமங்கள்" என்று சீட்டு போட்டேன். ஒவ்வொரு ஊரிலும் நாற்பது நிமிடம். அதில் பாதி நேரம் அம்மா கழிப்பறை வரிசையில் நின்றார். நாலாவது ஊரில் அப்பா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "எல்லாம் ஒண்ணாட்டத்தான் இருக்குது கண்ணு, நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த ஏற்பாடும் செய்யாமல் ஷெஃபீல்டிலிருந்து பேருந்து பிடித்து, அந்தப் பூங்காவுக்குள் இருக்கும் காசில்டன் என்ற கிராமத்துக்குப் போனோம். ஒரு மணி நேரம் போல ஆகும். ஊருக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புப் பாறை இடுக்கில் பீக் கேவர்ன் என்ற குகை. வெள்ளம் வடியும்போது உள்ளேயிருந்து வரும் சத்தத்தை வைத்து, பிசாசின் பின்புறம் என்று ஒரு பழைய பெயரும் உண்டு. குகை வாசலே ஒரு கோயில் மண்டபம் போல அகலம். அந்த வாசலுக்குள் சில நூறு வருடங்கள் கயிறு திரிப்பவர்கள் இருந்திருக்கிறார்கள். அங்கேயே வீடு கட்டி, அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் மூட்டிய அடுப்பின் கரி இன்னும் மேல்பாறையில் கறுப்பாகப் படிந்திருக்கிறது. சுற்று வட்டாரத்து ஈயச் சுரங்கங்களுக்கெல்லாம் இங்கேயிருந்துதான் கயிறு போனது.

சத்தியமாகச் சொல்கிறேன், இது தெரிந்து நான் அங்கே போகவில்லை. குகை என்றுதான் சீட்டு வாங்கினேன்.

வழிகாட்டிப் பெண் கயிறு திரிக்கும் பழைய கருவியைக் காட்டி, கைப்பிடியைச் சுற்ற ஆள் கேட்டார். மூன்று புரியையும் கொக்கியில் மாட்டினார்கள். புரிகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்க மூன்று பள்ளம் வெட்டிய ஒரு மரக்கட்டையை நடுவில் வைத்தார்கள். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். இவருக்கு இங்கிலீஷ் வராது. கட்டையைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, கையால் முறுக்கிக் காட்டினார். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் கட்டையை அவரிடம் கொடுத்துவிட்டார். அப்பா அதைப் பிடித்த பிடியைப் பார்த்ததுமே அங்கே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முறுக்கு ஏற ஏற கட்டையை விட்டுக்கொடுத்து நகர்ந்தார், கயிறு சீராக விழுந்தது. முடிந்ததும் வழக்கம்போல உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இவிங்களும் நம்மளாட்டந்தான் பின்னால நடந்து நடந்து திரிச்சிருக்காங்க. வெயிலு ஒண்ணுதான் இல்ல" என்றார். தென்னை நார் இல்லையே, என்ன நார் இது என்று விசாரிக்கச் சொன்னார். ஹெம்ப் என்ற செடியின் நார் என்று சொன்னார்கள். வீடு திரும்பும் வரை அதைப் பற்றித்தான் பேச்சு.

குகைக்குப் பிறகு மாம் டோர். 517 மீட்டர்தான், நம் ஊர் மலைகளோடு ஒப்பிட்டால் குன்று. பெயருக்கு அம்மா மலை என்று பொருள் சொல்கிறார்கள். களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காக இருப்பதால் மழை ஊறினால் ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சரிவின் குறுக்கே போட்ட சாலையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டுப் பார்த்து, கடைசியில் 1979இல் கைவிட்டுவிட்டார்கள். தார் ரோடு படிக்கட்டு மாதிரி உடைந்து தொங்குவதை இன்றும் நடந்து பார்க்கலாம். முட்டிவலி உள்ளவர்களை அந்த வழியாக ஏற்ற வேண்டாம். மேலே மாம் நிக் வண்டி நிறுத்துமிடம் வரை டாக்சியில் போய்விட்டால், அங்கிருந்து உச்சிக்குக் கல் பாவிய பாதை, கொஞ்ச தூரம்தான். அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறிவிட்டார்.

இறங்கும்போது ஒரு பண்ணை வயல் வழியாகப் பாதை போனது. அப்பா வேலியோரம் நின்றுவிட்டார். "யாரு தோட்டமுங்கண்ணு இது? கேக்காம கொள்ளாம நடக்கிறோம்?" என்றார். அடுத்தவர் வரப்பில் கால் வைத்ததற்காக ஏச்சு வாங்கியே வளர்ந்தவர் அவர். பொதுப்பாதை என்ற பலகையைக் காட்டினேன். நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தப் பாதையில் நடக்க யாருக்கும் உரிமை உண்டு, சட்டப்படி யாரும் தடுக்க முடியாது என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம் வடக்கே தெரிந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டைக் காட்டி அந்தக் கதையைச் சொன்னேன். பணக்காரர்கள் பறவை சுடுவதற்காக அந்த மேட்டுநிலத்தை அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான பேர், பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளிகள், ஹேஃபீல்டிலிருந்து கிளம்பி காவல்காரர்களைத் தாண்டி மேலே ஏறினார்கள். முன்னால் நின்றவர் பென்னி ராத்மன், இருபது வயது. ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. மேட்டுநிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. அப்பா கேட்டுவிட்டு அந்த வயலை நிதானமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து கடந்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

லேக் டிஸ்ட்ரிக்டை, கார்ன்வாலை, ஸ்டோன்ஹெஞ்சை ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்பார்கள். அவையும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வயதானவர்களோடு போகும்போது ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு மூன்று நாள் இருந்து பார்ப்பதுதான் நல்லது என்பது என் அனுபவம். கார் இல்லாமலே இதெல்லாம் முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசில்டனிலிருந்து தென்கிழக்கே ஈம் என்று ஒரு கிராமம் இருக்கிறது, அதைத் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். 1665இல் லண்டனிலிருந்து தையல்காரருக்கு வந்த துணிக்கட்டோடு பிளேக் உள்ளே வந்தது. பக்கத்து ஊர்களுக்குப் பரவக்கூடாது என்று பாதிரியார் வில்லியம் மாம்பெசன் சொல்ல, கிராமமே தன்னை அடைத்துக்கொண்டது. சுமார் 260 பேர் செத்துப்போனார்கள், பாதிரியாரின் மனைவியும் அதில் ஒருவர். ஊர் எல்லையில் குழி வெட்டிய ஒரு கல் இருக்கிறது. குழியில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டு வைப்பார்களாம், வெளியூர்க்காரர்கள் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்களாம். அம்மா அந்தக் குழியில் விரலை விட்டுப் பார்த்தபடி, "நாமளும் பால் பாக்கெட்டக் கழுவிக் கழுவி வாங்குனோமே" என்றார். அந்தக் கொரோனா வருடத்தில்தான் என் பெரிய மாமா போனார், முகம் பார்க்கக் கூட விடவில்லை. அம்மா வேறு எதுவும் பேசவில்லை. நாங்களும் கூடவே நின்றோம்.

இதற்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் பெற்றோர் வருகிறார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பயணக் காப்பீட்டை ஊரில் ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பி எடுக்காதீர்கள். "பல்லு, கண்ணு எல்லாம் வரும் அக்கா" என்று சொல்லித்தான் எங்களுக்கு ஒருவர் கொடுத்தார். இங்கே வந்து மூன்றாவது வாரம் அம்மாவுக்குப் பல்வலி, கன்னம் வீங்கிவிட்டது. தனியார் மருத்துவரிடம் காட்டி ரசீது அனுப்பினால், பழைய சொத்தை, வராது என்று பதில். அந்த ஏஜென்ட் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. பணம் போனதைவிட, நம் ஊர்க்காரர் என்று நம்பினோமே என்பதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே வரிவரியாகப் படியுங்கள்.

சரி, எந்த மாதம் வருகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். ஆகஸ்ட் என்றால் மேட்டுநிலம் முழுக்க ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து ஊதா நிறமாக இருக்கும். கோடையில் இந்தப் பக்கத்து டெர்பிஷையர் மாவட்டக் கிராமங்களில் ஈரக் களிமண்ணில் பூவிதழ்களைப் பதித்துப் படம் செய்து கிணறுகளை அலங்கரிப்பார்கள், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாரம். கோலம் போடுகிற அம்மா என்றால் அதைக் கட்டாயம் காட்டுங்கள். குளிர்காலம் என்றால் நாலு மணிக்கே இருட்டிவிடும், குகையும் ஈமும் போதும், மலை வேண்டாம். எந்த மாதமானாலும் மழைக்கோட்டு, பிடிமானமுள்ள ஷூ, குகைக்குள் போட ஒரு ஸ்வெட்டர் வேண்டும். மாதத்தைச் சொல்லுங்கள், பேருந்து நேரம் பார்த்து எழுதுகிறேன்.